காலை எடுத்தால் கார் ஏன் மெதுவாகிறது? பாலக்காட்டு எல்லையில் புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு

லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது. "சமமான ரோட்டில்தான் போகிறேன், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல வண்டி மெதுவாகிறது. ஏதாவது கோளாறா?" பெரும்பாலும் கோளாறு இல்லை. சில சமயம் கோளாறுதான். எது எது என்று மெக்கானிக்கிடம் போகும் முன்பே ஓரளவு நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எச் போட்டுக் காட்டி, கொஞ்ச தூரம் ரோட்டில் ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. காலை எடுத்த பிறகு வண்டி இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கணிப்பு தினமும் தேவைப்படும். ஒரு பக்கம் சமவெளி, ஒரு பக்கம் நெல்லியாம்பதி மலை, நடுவே பாலக்காட்டுக் கணவாயின் காற்று. வண்டியை மெதுவாக்கும் விஷயங்கள் அத்தனையையும் சித்தூர் என்ற ஒரே தாலுகாவுக்குள் பார்த்துவிடலாம்.

முதலில், எது எது இழுக்கிறது

ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும், ஏதாவது தடுத்தால்தான் வேகம் மாறும் என்று நியூட்டன் 1687-இல் சொன்னது காருக்கும் பொருந்தும். சும்மா தானாக மெதுவாவது என்று ஒன்று கிடையாது. கணக்குக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம், ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ. கீழே வரும் எண்கள் அந்த வண்டிக்கான தோராயக் கணக்கு. உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் கூடும், குறையும்.

டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, சுழன்று மேலே போனதும் பழைய வடிவத்துக்கு மீள்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுவதும் மீளும்போது திரும்பக் கிடைப்பதில்லை, ஒரு பங்கு சூடாகிப் போய்விடுகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டயரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். நல்ல தார் ரோட்டில் இந்த இழுப்பு வண்டி எடையில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 14 கிலோ அளவு. வேகம் 30 ஆனாலும் 80 ஆனாலும் இது அதிகம் மாறாது. மண் ரோட்டில் பல மடங்காகும்.

காற்று அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. நம் வண்டிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோ, 60-இல் 12 கிலோ, 80-இல் 21 கிலோ, 100-இல் 33 கிலோ. ஆக 65 கிலோமீட்டர் வரை டயர்தான் பெரிய எதிரி, அதற்கு மேல் காற்று. நாலு வழிச்சாலையில் 90-இல் போகும்போது காலை எடுத்தால் முள் சரசரவென்று இறங்குவதும், 40-க்கு வந்ததும் நின்று நிதானமாக இறங்குவதும் இதனால்தான்.

மூன்றாவது எஞ்சின். புதியவர்களுக்குக் குழப்பம் தருவதும் இதுதான், ஏனென்றால் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் சும்மா இருக்கும் என்று நினைக்கிறோம். கியர் போட்டிருக்கும் வரை எஞ்சினும் சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டியே இருக்கின்றன. காலை எடுத்ததும் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவது நின்று, சக்கரம் எஞ்சினைச் சுற்ற ஆரம்பிக்கிறது. பெட்ரோல் வண்டியில் காற்று உள்ளே போகும் வழியையும் த்ராட்டில் அடைத்துவிடுகிறது. பிஸ்டன்கள் அடைத்த வழியில் காற்றை உறிஞ்சப் பார்க்கும் வேலை, உள்ளே உராயும் பாகங்கள், ஏசி ஓடினால் அதன் கம்ப்ரஸர், எல்லாவற்றுக்குமான சக்தி வண்டியின் ஓட்டத்திலிருந்தே போகிறது. டாப் கியரில் இது 15 முதல் 20 கிலோ, செகண்ட் கியரில் 40 கிலோவைத் தாண்டும். கியர் குறையக் குறைய இழுப்பு கூடும். டீசல் எஞ்சினில் பொதுவாக அப்படி அடைப்பதில்லை, அங்கே உராய்வின் பங்குதான் பெரிது.

வீல் பேரிங், கியர் பாக்ஸ் ஆயில், டிஸ்க்கை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பிரேக் பேட் ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் கணக்கில் எடுக்கவே வேண்டாம். கெட்டுப்போனால் மட்டும் தலையைக் காட்டும்.

கடைசியாக, ரோட்டின் சரிவு. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினால் 12 கிலோ பின்னால் இழுக்கும், இறங்கினால் அதே 12 கிலோ முன்னால் தள்ளும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் ரோடு சமமாகவே இருப்பதில்லை. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல், பாலக்காடு 80 மீட்டர் சொச்சம். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். சராசரியாகப் பார்த்தால் டயர் இழுப்பில் பாதிக்கு மேல் சரிவே ஈடுகட்டிவிடுகிறது. வாளையார் தாண்டி வரும்போது வண்டி சொன்ன பேச்சு கேட்பதுபோலத் தெரிவதும், திரும்பிப் போகும்போது சோம்பலாகத் தெரிவதும் பிரமை அல்ல. அந்த உயரத்தை ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய அரை லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போகும். இறங்கும்போது வந்த மைலேஜை மட்டும் வைத்து ஊரெல்லாம் பெருமை பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

உங்கள் வண்டியை அறிவது எப்படி

முதல் வேலை டயரில் காற்று பார்ப்பது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று. பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிப்பார். ஸ்டிக்கரில் இருப்பதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், அதனால் காலையில் முதல் வேலையாக, பக்கத்திலிருக்கும் பங்க்கில். காற்று குறைந்தால் டயர் கூடுதலாக நசுங்கும், இழுப்பும் கூடும், ஓரமும் தேயும். வண்டி சீக்கிரம் மெதுவாகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து ரோடும் நேரமும். வயல்களுக்கு நடுவே போகும் நேரான, சமமான, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு துண்டு ரோடு வேண்டும், ஒரு கிலோமீட்டராவது இருந்தால் நல்லது. ஞாயிறு விடிந்ததும் போனால் காற்றும் குறைவு, வண்டிகளும் குறைவு. பின்னால் யாராவது வந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் செல்போனில் விநாடி எண்ணட்டும். ஓட்டுபவர் போனைத் தொடக்கூடாது.

இப்போது 60-க்குச் சற்று மேலே கொண்டுபோய், டாப் கியரிலேயே வைத்துக் காலை எடுங்கள். முள் 60-இலிருந்து 40-க்கு வர எத்தனை விநாடி? எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதையே தேர்ட் கியரில். இன்னும் சீக்கிரம் இறங்கும், எஞ்சின் சத்தமும் கூடும். கடைசியாக நியூட்ரலில். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சாவியைத் தொடவே கூடாது, கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க வேண்டும். நம் கணக்கு வண்டிக்கு நியூட்ரலில் 25 முதல் 30 விநாடி ஆகும், ஓடும் தூரம் 400 மீட்டரை நெருங்கும். டாப் கியரில் அதில் பாதிக்குச் சற்று மேல், தேர்ட் கியரில் பாதிக்கும் கீழே. உங்களுக்கு வரும் எண் வேறாக இருந்தால் பதற வேண்டாம். இது உங்கள் வண்டியின் எண், அடுத்த முறை ஒப்பிடத்தான்.

மூன்று முறையும் அதே ரோட்டில் எதிர்த்திசையிலும் செய்து சராசரி எடுங்கள். ஒரு பக்கம் காற்றோ சரிவோ உதவினால் மறுபக்கம் அது தடுக்கும், சராசரியில் பெரும்பகுதி கழிந்துவிடும். கார் கம்பெனிகளும் சோதனைத் தளத்தில் இப்படி நியூட்ரலில் உருளவிட்டு இரு திசையிலும் அளந்துதான் ஒரு மாடலின் மொத்த இழுப்பைக் கண்டுபிடிக்கிறார்கள்.

காற்றைக் கணக்கில் எடுங்கள்

பாலக்காட்டில் ஓட்டக் கற்பவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களை விட இது முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு, அதன் வழியாகத்தான் காற்று முழுவதும் வந்து போகிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்பதே இந்தத் திறப்பை நம்பித்தான்.

ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று. பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு போனால் அது நேராக முகத்தில் அடிக்கும். நீங்கள் 60-இல் போகும்போது 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வந்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 90 கிலோமீட்டர் வேகக் காற்று. 12 கிலோவாக இருந்த எதிர்ப்பு 26 கிலோவுக்குப் போய்விடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் இருக்கும், எதிர்ப்பு வெறும் 3 கிலோ. போகும்போது ஜங்ஷனுக்கு முன்பே நின்றுவிடும் வண்டி, வரும்போது ஜங்ஷனைத் தாண்டி ஓடப் பார்க்கும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றில் இது அப்படியே தலைகீழ்.

எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய கருவி எதுவும் வேண்டாம். சித்தூர் பக்கம் தென்னையும் பனையும் இல்லாத ரோடே கிடையாது, ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். மேலே கேரியர் மாட்டிச் சாமான் ஏற்றியிருந்தால் காற்றின் பிடி இன்னும் கூடும். வேலை முடிந்ததும் கேரியரைக் கழற்றி வைப்பது நல்லது.

தினசரி ஓட்டத்தில் இதை வைத்து என்ன செய்வது

முன்னால் சிக்னலோ டோலோ தெரிந்ததும் முதலில் காலை எடுங்கள். பாம்பாம்பள்ளம் டோலுக்கு 80-இல் வருகிறீர்கள் என்றால், 300, 400 மீட்டர் முன்பே டாப் கியரில் காலை எடுத்துவிட்டால் வரிசையை எட்டும்போது வேகம் தானே 50-ஐ ஒட்டி வந்திருக்கும். மிச்சத்துக்கு பிரேக். கிளட்ச்சைக் கடைசியில், வண்டி திணறத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் மிதிக்க வேண்டும். பல டிரைவிங் ஸ்கூல்களில் வண்டி ஆஃப் ஆகிவிடக் கூடாதே என்று கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கப் பழக்கிவிடுகிறார்கள். கிளட்ச்சை மிதித்த நொடியில் எஞ்சினின் இழுப்பு போய்விடுகிறது, மொத்த வேலையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் இழுப்பில் மெதுவாகும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் டிப்பரோ பஸ்ஸோ ஒட்டி வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை மட்டும் காட்டுங்கள்.

நியூட்ரலில் போட்டால் மைலேஜ் கிடைக்கும் என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போதுள்ள இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் வைத்துக் காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஐட்லிங்குக்கு மேலே இருக்கும் வரை கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நியூட்ரலில் கூடுதல் தூரம் உருள்கிறது என்பது உண்மைதான். ஆனால் எப்படியும் நிற்கப் போகிற இடத்துக்கு நியூட்ரலில் போவதில் லாபம் எதுவும் இல்லை.

மலையிலிருந்து இறங்கும்போது

நெல்லியாம்பதியிலிருந்து போத்துண்டிக்கு இறங்கினாலும் சரி, வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினாலும் சரி, இதுவரை பார்த்த கணக்குதான். 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் நம் வண்டியை முன்னால் தள்ளும் விசை 80 கிலோ. முப்பதில் போகும்போது டயரும் காற்றும் சேர்ந்து பிடிப்பது 17 கிலோ. மீதி 63. நியூட்ரலிலோ கிளட்ச்சை மிதித்தபடியோ இறங்கினால் அந்த 63 கிலோவும் பிரேக்குக்கு. செகண்ட் கியரில் இறங்கினால் எஞ்சின் 40 கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், பிரேக்குக்கு 20 கிலோ சொச்சம்தான் மிஞ்சும். ஃபர்ஸ்ட் கியரில் அதுவும் ஏறக்குறைய இல்லாமல் போகும்.

முந்நூறு மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டும் வைத்து இறங்குவது, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒன்பது, பத்து முறை விடாமல் நிறுத்துவதற்குச் சமமான சூட்டைப் பிரேக்கில் ஏற்றும். பேட் சூடாகிப் பிடி தளரும். பிரேக் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும், பெடல் தரைவரை போகும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும், டாட் 4 ஆயில் 230 வரை. ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் அவற்றுக்கு வெகு முன்பே கொதிக்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

செய்ய வேண்டியது: சரிவு தொடங்கும் முன்பே, வண்டி மெதுவாக இருக்கும்போதே, ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதற்கு மாற்றுங்கள். வேகம் ஏறிய பிறகு மாற்றப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது அழுத்திக் குறைத்து, முழுவதுமாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் அது ஆறும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டியது இறங்குகிறவர்தான். சாவியை எந்தக் காரணத்துக்கும் அணைக்காதீர்கள். எஞ்சின் நின்றால் நாலைந்து மிதிக்குள், பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் உதவி தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே விட்டால் அது தானாக மேல் கியருக்குப் போய்விடலாம். எல், 2 அல்லது எம் என்று எது இருக்கிறதோ அதைப் போட்டுக் கியரைப் பிடித்து வையுங்கள். மின்சாரக் காரில் மோட்டாரே இழுத்து பேட்டரியை நிரப்பும், நல்ல வசதி. ஆனால் மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துகொண்டு இறங்கினால் நிரப்ப இடம் இருக்காது, இழுப்பு பலவீனமாகும்.

எப்போது கோளாறு என்று சந்தேகிக்கலாம்

அன்று எழுதி வைத்த எண் இப்போது உதவும். டயரில் காற்று சரியாக இருந்து, அதே ரோட்டில், அதே ஆட்களோடு, விநாடி கணிசமாகக் குறைந்தால் ஏதோ பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியதா என்று முதலில் பாருங்கள், அரைகுறையாக விட்டு ஓட்டுவது நாம் நினைப்பதை விட அதிகம். அப்புறம், பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டுங்கள். ரிம்மைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றை விடத் தெளிவாகச் சூடாக இருந்தால், கருகிய வாசமும் வந்தால், அங்கே பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரோ, டிரம் பிரேக்கோ விடாமல் பிடித்திருக்கிறது. வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் அதே சந்தேகத்தைத் தரும். வேகத்தோடு கூடும் ஊங்காரச் சத்தம் வந்தால் வீல் பேரிங். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். மெக்கானிக்கிடம் "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லாமல் இந்த அடையாளத்தைச் சொன்னால், ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தே விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

மலை இறங்கி வந்த உடனே பிரேக் வாசம் அடித்தால் சமமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஃபர்ஸ்ட் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது கோணிக்கொள்ளும்.